ஆய்வுக்கூடம் தரவேண்டிய வரவேற்பு

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி மொரப்பூரில் நடைபெற்ற கூட்டத்தில், உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வுக்குழு ஒன்றில் சேரவிருக்கும் இளைஞர் இருவரை வாழ்த்தி, அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓட்டுக் கட்டடத்தின் திண்ணையில் ஒரு விளக்கும் பதினொரு பிள்ளைகளுமாகத் தொடங்கிய நம் மாலைநேரப் படிப்பகம் இன்று வெள்ளிவிழாக் காண்கிறது. அப்படிப்பகத்தில் அமர்ந்து படித்த பிள்ளைகளுள் இருவர், ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும், அடுத்த திங்களில் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வுக்குழு ஒன்றில் இளம் ஆய்வாளர்களாகச் சேரவிருக்கின்றனர். அப்பெண்ணின் தாயார் செங்கற்சூளையில் கல் சுமந்தவர். அவ்விளைஞரின் பாட்டனார் நம் இரயிலடியில் அமர்ந்து செருப்புத் தைத்தவர். இவ்விருவரையும் வாழ்த்தி வழியனுப்புமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்தனர்.

பொன்னாடை போர்த்தி, கைதட்டி, இரயிலேற்றிவிடுதல் எளிது. ஆனால் இரயிலை விட்டிறங்கி அந்த ஆய்வுக்கூடத்தின் வாசலில் நம் பிள்ளைகள் நிற்கும்போது அவர்களை எதிர்கொள்வது யாது? வழியனுப்புவது நம் கடன். வரவேற்பது அங்கிருப்போர் கடன். அவ்வரவேற்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதையே இன்று பேசுபொருளாகக் கொண்டோம்.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலண்டனிலும் பயின்று, 1917ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். அவர் பெற்ற வரவேற்பு எது? தங்க இடமில்லை. தம் பிறப்பை மறைத்துப் பார்சியர் விடுதி ஒன்றில் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடியேந்தி வந்தோரால் வெளியேற்றப்பட்டார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசைமேல் தொலைவில் நின்று வீசினர். உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் ஒன்று அளித்த அறிவுக்கு, தாய்நாட்டில் ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அது பழங்கதை என்று சிலர் கூறலாம். நாம் ஆசிரியராக முதன்முதல் பணியில் சேர்ந்த நாள் நினைவிற்கு வருகிறது. அப்பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. தலைமையாசிரியர் கைகுலுக்கி வரவேற்றார், நாற்காலியும் அளித்தார். பதிவேட்டில் கையொப்பமும் இட்டாயிற்று. நண்பகலில் ஆசிரியர் அறைக்குச் சென்றபோது, பானையருகே நான்கு எவர்சில்வர் குவளைகளும், சன்னல் மாடத்தில் தனியே ஒரு கண்ணாடிக் குவளையும் இருந்தன. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அன்று நாம் தண்ணீர் அருந்தாமலே வகுப்பிற்குச் சென்றோம். மறுநாள் வீட்டிலிருந்தே ஒரு புட்டியில் தண்ணீர் கொண்டுசென்றோம். அதை வெற்றி என்று அன்று எண்ணினோம். இன்று அவ்வாறு எண்ணவில்லை.

உயர்ந்த நிறுவனங்களில் இவையெல்லாம் இரா என்போரும் உளர். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் வேறுபாடாக நடத்தப்படுவதாக எழுந்த முறையீட்டை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007இல் அது தந்த அறிக்கை, விடுதியிலும் வகுப்பிலும் தேர்விலும் தாம் ஒதுக்கப்படுவதாக அம்மாணவர்கள் கூறியவற்றைப் பதிவு செய்தது. ஆகவே, கல்வி உயர உயரக் குவளை தானே ஒன்றாகிவிடும் என்று நாம் வாளாவிருத்தல் கூடாது.

இனி, இவ்விருவரும் சேரும் துறை எத்தகையது என்பதைத் தாய்மார்களுக்கும் விளங்குமாறு கூறுவோம். மருத்துவர் நோயை அறிவார். ஆனால் எந்த உலோகம் எத்தனை ஆண்டு தேயாது என்பதை அறியார். பொறியாளர் உலோகத்தை அறிவார். ஆனால் குருதி எப்போது உறையும் என்பதை அறியார். இவ்விரு அறிவும் ஒரே மேசையில் அமர்ந்து, உடம்பிற்கு உதவும் கருவிகளை ஆக்கும் துறையே உயிர்மருத்துவப் பொறியியல். இதய வால்வு, செயற்கைக் கால், குருதிப் பை, நாடித் துடிப்பைக் காட்டும் திரை யாவும் அதன் விளைபொருள்கள்.

நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்தில், அத்தகைய குழு ஒன்று எழுந்த வரலாறு அறியத்தக்கது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் பொறுப்பை இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் 1974ஆம் ஆண்டில் ஏற்றார். அக்காலத்தில் பழுதுற்ற இதய வால்வுக்கு மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். விலையோ ஏழைக்கு எட்டாது. நோயோ ஏழையைத் தேடி வருவது. காற்றோட்டமற்ற சிறுவீட்டில் பலர் நெருங்கி வாழுமிடத்தில் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் பரவுகிறது. கவனியாது விட்டால் வாதக் காய்ச்சலாக மாறி இதய வால்வைச் சிதைக்கிறது. நம் குடியிருப்புகளை அறிந்தோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

வலியத்தான் அவர்கள் இளம் பொறியாளர்களையும் வேதியியல் அறிஞர்களையும் மருத்துவர்களையும் ஒருங்கு சேர்த்தார். திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்கு உரியதாயிருந்த பூசப்புரை அரண்மனை ஒன்று அவர்தம் ஆய்வுக்கூடம் ஆயிற்று. சேர்ந்தோர் எவரும் வால்வு செய்து பழகியவர் அல்லர். நம் நாட்டில் அதைச் செய்தவரே இலர் எனும்போது பழகியவர் எங்கிருந்து வருவர்? ஒரு மனித இதயம் ஓராண்டில் மூன்றரைக் கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வு திறந்து மூட வேண்டும்; ஒரு முறையும் தவறலாகாது. அக்குழு செய்த முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. உலோகம் தேய்ந்தது, கடினமான நீலமணிக்கல்லால் ஆகிய தட்டும் உடைந்தது. ஆண்டுகள் உருண்டன. நான்காம் மாதிரியில் கோபால்ட்டு கலந்த உலோகக் கூடும், உறுதியான பாலிஎத்திலீன் தட்டும், தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையமும் அமைத்தனர். செம்மறியாடுகளில் சோதித்தனர். 1990 டிசம்பரில் முதன்முதல் ஒரு மனிதரின் இதயத்தில் அது பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனத்தின் தயாரிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பயன்பாட்டிற்கு வந்தன. வலியத்தான் அவர்கள் 2024ஆம் ஆண்டில் மறைந்தார், அவ்வால்வுகள் துடித்துக்கொண்டிருக்கின்றன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? மூன்று முறை தோற்ற ஒரு குழு நான்காம் முறை முயன்றது எவ்வாறு? ஒருவர் தோல்வியை மற்றவர் பழிக்காமையால். 'இது ஏன் உடைந்தது?' என்று இளையவரும் கேட்க இடமிருந்தமையால் என்றே நாம் கருதுகிறோம். ஆய்வுக்கூடத்தின் முதல் வரவேற்பு இதுவே: கேட்பதற்கு உரிமை, தவறுவதற்கு இடம். நம் பிள்ளைகள் பெரும்பாலோர்க்குக் கிட்டாதது இவ்விரண்டாவதே. பிறர் பிள்ளை ஒரு சோதனையில் தவறினால் 'சோதனை தவறிற்று' என்பர். நம் பிள்ளை தவறினால் 'இவர்களுக்கு இது வராது' என்பர். ஒருவரின் தவற்றை ஓர் இனத்தின் தவறாக எண்ணுமிடத்தில் அறிவியல் வளராது.

அயல்நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்றொரு கறுப்பின இளைஞர் இருந்தார். தச்சுத் தொழிலில் வல்லவர். மருத்துவராக விரும்பிக் கல்லூரிக்கென்று பணம் சேர்த்தவர். 1929ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து அப்பணம் போயிற்று. 1930இல் மருத்துவர் ஆல்பிரட் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்த பணி அறுவை ஆய்வு; ஏட்டில் எழுதப்பட்ட பதவியோ துப்புரவுப் பணியாளர்! பிளாலாக் 1941இல் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு மாறியபோது தாமசும் உடன் சென்றார்.

பிறவி இதயக் குறைபாட்டால் உடல் நீலம்பாய்ந்து மடியும் குழந்தைகளைக் காக்க வழி காணவேண்டும் என்ற கேள்வியைக் குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் அம்மையார் எழுப்பினார். விலங்குகளில் பன்முறை செய்து பார்த்து, குருதிக் குழாய் ஒன்றைத் திருப்பி நுரையீரல் குழாயோடு இணைக்கும் முறையைத் தாமஸ் சீர்செய்தார்; வேண்டிய கருவிகளையும் தம் கையாலேயே திருத்தி அமைத்தார். 1944 நவம்பர் 29 அன்று ஒரு பெண் குழந்தைக்கு அவ்வறுவை நடந்தபோது, பிளாலாக்கின் பின்னே ஒரு படிமேடைமீது நின்று, தையல் சரியா தவறா என்று தாமஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். செய்தி உலகெங்கும் பரவிற்று. மறுஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் தாமசின் பெயர் இல்லை. 1976ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகள் தாழ்ந்து வந்த வரவேற்பு அது.

ஆகவே, ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் வரவேற்பு, செய்த வேலைக்கு உரிய பெயர். பதவியின் பெயர் ஏட்டில் சரியாக இருத்தல் வேண்டும். செய்தவர் பெயர் கட்டுரையில் இருத்தல் வேண்டும். பிள்ளைகளே, இதைக் கேட்பதற்கு நாணாதீர்கள். சேர்ந்த முதல் நாளிலிருந்து உங்கள் குறிப்பேட்டில் நாளும் செய்ததை நாள் குறித்து எழுதுங்கள். பிளாலாக் நல்லவரா தீயவரா என்று நாம் வழக்காட வரவில்லை. நல்லவர் ஒருவரின் கூடத்திலேயே அவ்வாறு நேர்ந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அது நம் மக்களைப் பெரிதும் தொடுவது. நம் முன்னோர் தோலைக் கையாண்டனர். செத்த மாட்டை அகற்றியவரும், தோலைப் பதப்படுத்தியவரும், கவலைச் சாலுக்குத் தோல்வால் தைத்தவரும், பறைக்குத் தோலை இழுத்துக் கட்டித் தீயில் காய்ச்சி ஒலி கூட்டியவரும் நம்மவரே. அத்தொழிலைக் காட்டியே நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினர். இன்று அதே தோலறிவு எங்குச் சென்றிருக்கிறது தெரியுமா? மாட்டின் இதயத்தைச் சூழ்ந்துள்ள உறையையும் பன்றியின் இதய வால்வையும் பதப்படுத்தி மனித இதயத்தில் வைக்கின்றனர். அதற்குப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் தோல் பதனிடுவோரும் கையாளும் பொருளே. அழுகும் தசையை அழுகாமல் நிறுத்துவது எப்படி என்பது தோல் தொட்டியில் நின்றவன் கேட்ட கேள்வி. இதய மருத்துவனும் அதையே கேட்டான். சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைக் கொண்டு தீப்புண்ணை மூடும் மெல்லிய படலங்களை ஆக்கியுள்ளது. தோல் தொட்டவரைத் தீண்டலாகாது என்ற சமுதாயம், தன் புண்ணின்மேல் அத்தோலையே போர்த்திக்கொள்கிறது!

நம் பழைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் அவர்களையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். மருத்துவம் படிக்கும் முன்னரே தச்சும் கட்டடத் தொழிலும் பயின்றவர் அவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரை ஆராய்ந்தார். அவர்தம் விரல்கள் அழுகி விழுவதில்லை; வலி உணர்வு அற்றுப்போவதால், காயம் பட்டதை அறியாது நடந்து நடந்து காலைப் புண்ணாக்கிக் கொள்கின்றனர் என்று எடுத்துக்காட்டினார். அதற்கு மருந்து மாத்திரை மட்டும் போதவில்லை, செருப்பு வேண்டியிருந்தது! மெத்தென்ற நுண்ணறை ரப்பர் அடிவைத்து, ஆணி அடிக்காமல், அழுத்தம் ஓரிடத்தில் சேராதபடி தைத்த செருப்பு. ஓர் ஆணி முனை மேலே நீண்டிருந்தாலும் உணர்ச்சியற்ற கால் அதை அறியாதன்றோ? மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்குவது இதுவே. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் எழுந்த தொழுநோய் மருத்துவமனையில் காலணி செய்வோருக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. அறுவை மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே கால்மீது குனிந்த இடம் அது. செய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் கூடி ஆக்கிய செயற்கைக் காலும் இவ்வகையினதே. சப்பணமிட்டு அமரவும், வயல் வரப்பில் வெறுங்காலோடு நடப்பதுபோல் நடக்கவும் நம் நாட்டு ஏழைக்கு உதவுமாறு அது அமைந்தது.

இதைச் சொல்வதால் குலத்தொழிலைப் போற்றுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டா. 1953ஆம் ஆண்டில் பள்ளி நேரத்தைக் குறைத்துத் தந்தையின் தொழிலைப் பிள்ளை கற்கவேண்டும் என்று கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று தமிழகம் எதிர்த்தது. அது 1954இல் கைவிடப்பட்டது. நன்றே ஆயிற்று. குத்தூசி பிடித்தவன் பேரன் குத்தூசியையே பிடிக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. குத்தூசி பிடித்த கையிலும் அறிவு இருந்தது, அவ்வறிவை மறுத்தது சமுதாயத்தின் குற்றம் என்பதே நம் கருத்து. ஆதலின் அவ்விளைஞர் ஆய்வுக்கூடத்தில் தம் பாட்டனார் பெயரை மறைக்க வேண்டா. பாட்டனார் தொழிலே உன் தொழில் என்று எவரேனும் நகைத்தால், 'ஆம், உங்கள் வால்வும் அங்கிருந்தே வந்தது' என்று அமைதியாக விடையிறுக்கலாம். மூன்றாம் வரவேற்பு இதுவே: வருபவன் கொண்டுவரும் அறிவை அறிவென்று ஏற்றல்.

நம் பிள்ளைகளை ஏற்பதால் ஆய்வுக்கூடத்திற்கு என்ன பயன் என்று கேட்போரும் உளர். அதற்கும் விடையுண்டு. குருதியில் உயிர்வளியின் அளவைக் காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொரோனாக் காலத்தில் நாம் அனைவரும் கண்டோம். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1974ஆம் ஆண்டில் கண்ட நெறியால் இயங்கும் அரிய கருவி அது. எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும் 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு ஒரு குறையைக் காட்டியது. குருதியில் உயிர்வளி குறைந்திருந்தும் கருவி 'நலம்' என்று காட்டிய நிலை, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி. ஒளியைத் தோலின் வழியே செலுத்தி அளக்கும் கருவிக்குத் தோலின் நிறம் தடையாயிற்று. எவரும் வேண்டுமென்று செய்த தீங்கன்று இது. ஆனால் கருவியைச் சோதித்த விரல்களில் கரிய விரல்கள் போதிய அளவில் இருந்திருப்பின் முன்னரே கண்டிருப்பர். மேசையைச் சுற்றி அமராத மக்களின் நோயைக் கருவியும் காணாது.

அப்படியானால் நம் ஊரின் நோய் எது? பள்ளியில் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்திப் புகைப்படம் எடுப்போம். 'சிரியுங்கள்' என்று புகைப்படக்காரர் சொன்னதும், முன்பெல்லாம் வரிசையில் பாதிப்பேர் வாயைக் கையால் மூடிக்கொள்வர். பற்களில் பழுப்புக் கறை. விளக்கியும் போகாத கறை. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு தந்த பரிசு அது. சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் மக்களிடையே பரவியிருப்பதை 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டனர். ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது நம் நாட்டுத் தர அளவு. பற்கள் உருவாகும் இளம் பருவத்தில் மிகுதியாக உட்கொண்டால் பல் கறைபடும். நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பில் படிந்து மூட்டு இறுகும், முதுகு வளைய மறுக்கும். 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றுக் காவிரி நீர் வந்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுள் வாயை மூடுவோர் குறைந்திருப்பதை நம் கண்ணால் காண்கிறோம். ஆயினும் எலும்பு இறுகிவிட்ட முதியவர்க்கு நல்ல நீர் வந்தும் பழைய முதுகு திரும்பவில்லை. குழாயில் நீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிப்பவரும் உளர்.

பிள்ளைகளே! ஊரிலுள்ள ஒரு தாய் தன் குடத்து நீரைத் தானே அளந்து பார்க்கத்தக்க மலிவான கருவி ஒன்று வேண்டாவா? இறுகிய முதுகோடு களையெடுக்கக் குனியும் மூதாட்டிக்குத் தாங்கு கருவி வேண்டாவா? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான குழு, எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை 2019இலும், 'கதம்' என்னும் செயற்கை முழங்கால் மூட்டை 2022இலும் வெளிக்கொணர்ந்தது. கருவியைப் பயன்படுத்துவோரிடமே கேட்டுக் கேட்டுத் திருத்தும் வழி அது. நம் ஊரில் கேட்பதற்கு ஆள்கள் உளர். கேட்க வருபவர் இதுவரை இலர். நீங்கள் கேளுங்கள். உங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் முதற்கூட்டத்தில் 'நீங்கள் எதைக் கொண்டு வந்திருக்கிறீர்கள்?' என்று வினவினால், 'ஒரு கேள்வியைக் கொண்டு வந்திருக்கிறோம்' என்று கூறுங்கள்.

இனி, பயணம் செல்லும் உங்களிடம் மூத்தோர் என்ற முறையில் நாங்கள் சொல்லத்தக்கன சில. தமிழ் வழியில் படித்த நீங்கள் அங்கு ஆங்கிலச் சொற்களின் வெள்ளத்தில் முதலில் திணறுவீர்கள். 'தெரியவில்லை' என்று சொல்ல அஞ்சாதீர்கள். அந்த மருத்துவர்க்குப் பொறியியல் தெரியாது, அப்பொறியாளர்க்கு மருத்துவம் தெரியாது. தெரியாதோர் கூடித் தெரிந்துகொள்ளும் இடமே அது. இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று எவரேனும் தாழ்த்திப் பேசினால் தலை குனியாதீர்கள். அது பிச்சையன்று, அரசியல் சட்டம் அளித்த உரிமை. தனிக் குவளை வைக்கப்பட்டால், நாம் செய்ததுபோல் வீட்டிலிருந்து புட்டி கொண்டுபோகாதீர்கள். எல்லோரும் அருந்தும் குவளையை எடுத்து அருந்துங்கள். தடுத்தால் எழுத்தில் முறையிடுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள். தனியே பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக எண்ணி நாம் இழந்த ஆண்டுகள் போதும்.

நாளை உங்களுக்குப் பின் ஒரு புதியவர் அங்கு வருவார். அவர் எக்குலத்தவராயினும், எம்மொழியினராயினும், முதல் நாளில் அவருக்கு மேசை எது, சாவி எங்கே, கருவியை எப்படி இயக்குவது, உணவு எங்குக் கிடைக்கும் என்பதையெல்லாம் நீங்களே எழுந்து சென்று காட்டுங்கள். நமக்குக் கிட்டாத வரவேற்பைப் பிறர்க்கு அளிப்பதில்தான் நம் கல்வி முழுமை பெறும்.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆய்வு மாணவர்க்குரிய உதவித்தொகை முதல் சில திங்கள்கள் தாழ்ந்து வருவது வழக்கம். நகரத்தில் வாடகை வீடு தேடினால் முன்பணம் கேட்பர், சாதியும் கேட்பர். நகரத்துப் பெற்றோரின் பிள்ளைக்கு அத்திங்கள்களில் வீடு துணை நிற்கும். நம் பிள்ளைகளுள் சிலர் அத்திங்கள்களிலேயே படிப்பை விட்டுத் திரும்பியுள்ளனர். ஆகவே வெள்ளிவிழா நினைவாக வளைவும் கல்வெட்டும் அமைப்பதற்கென்று திரட்டிய தொகையை, ஆய்வுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு திங்கள்களுக்கு முன்பணமாக அளிக்கும் நிதியாக மாற்றுமாறு வேண்டுகிறோம். உதவித்தொகை வந்ததும் அவர்கள் திருப்பித் தருவர், அடுத்தவர் பெறுவர். அந்நிதிக்கு எம் ஒரு திங்கள் ஊதியத்தை இம்மேடையிலேயே செயலாளரிடம் ஒப்படைக்கிறோம். கல்லில் பெயர் இல்லாமற் போகலாம். ஒரு பிள்ளை பாதி வழியில் திரும்பாமல் இருந்தால் அதுவே போதும்.

அன்புச் செல்வங்களே! நம் மொரப்பூர் இரயில் நிலையத்தில் நாளை உங்களை ஏற்றிவிட நாங்கள் வருவோம். பொன்னாடையை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். குறிப்பேட்டையும் கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். விடுமுறையில் வரும்போது நம் படிப்பகத்துப் பிள்ளைகளிடம், அங்கே தண்ணீர் எந்தக் குவளையில் அருந்தினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். என்ன ஆய்ந்தீர்கள் என்பதைப் பிறகு சொல்லுங்கள். இரண்டையும் கேட்க அவர்கள் காத்திருப்பர்.

நீவிர் இருவீரும் நலமுடன் சென்று வெல்க! நம் கல்விச் சங்கம் வளர்க!